நெல் காயும் நெடுஞ்சாலை

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் இருவழி மாநில நெடுஞ்சாலையில் அன்றாடம் இருசக்கர வாகனத்தில் வேலைக்குச் சென்று வருகிறேன். குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் சாலையின் ஒரு பாதியை நெல் அடைத்துக்கொள்கிறது. சட்டம் இதை அனுமதிக்கிறதா? ஊராட்சியில் முறையிட்டும் பயனில்லை. வேறு யாரிடம் முறையிடுவது?

பதில்: சட்டம் அனுமதிக்கவில்லை. பொதுவழியில் பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளைவிப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆயினும் அபராதத்துக்கு அஞ்சி நெல் சாலையை விட்டு இறங்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஐப்பசியை ஒட்டி ஒன்றாக வந்து சேர்கின்றன. கொள்முதல் நிலையத்திலோ, அரசு தளர்வு அறிவித்தாலொழிய, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லை எடுப்பதில்லை. கையால் அறுத்த காலத்தில் அரி (அறுத்துப் போட்ட நெற்கதிர்) வயலிலேயே கிடந்து ஓரளவு காய்ந்த பிறகுதான் களத்துக்கு வந்தது. இன்று அறுவடை இயந்திரம் ஈரம் குறையாத நெல்லை ஒரே நாளில் டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டுப் போகிறது. உலர்களம் இல்லாத ஊரிலும், இருந்தும் இடம் போதாத ஊரிலும், மழை விட்டதும் சீக்கிரம் சூடேறுவது தார்ச்சாலை ஒன்றே. (அந்தச் சூட்டில் அவசரமாகக் காயும் நெல் அரைவையில் உடைந்து நொய் கூடும் என்பது விவசாயிக்குத் தெரியாததன்று.)

சாலையின் அளவையும் பாருங்கள். இருவழிச் சாலையின் தார்த்தளம் பொதுவாக 7 மீட்டர் அகலம். ஒரு தடத்துக்கு 3.5 மீட்டர். ஒரு தடத்தில் நெல் பரப்பினால், எதிரெதிரே வரும் பேருந்துக்கும் லாரிக்கும் மிஞ்சுவது மற்றத் தடம் மட்டுமே. தங்களைப் போன்றவர்கள் மழையில் இளகிய மண் ஓரத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும். நெல்லைவிட ஆபத்தானது அதற்குக் காவலாக வைக்கும் கல். மாலையில் நெல்லை அள்ளி மூட்டை கட்டுபவர்கள் கல்லை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அள்ளாமல் கறுப்புத் தார்ப்பாய் போர்த்தி வைத்த குவியலோ இருட்டில் சாலையோடு சாலையாகிவிடுகிறது. நெல்லைப் பரப்புகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்லை விட்டுச் செல்பவர்களுக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது.

முறையீடு பயனற்றுப் போனதற்குக் காரணம், சாலை ஊராட்சிக்கு உரியதன்று என்பதே. ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் தலைப்பகுதி பச்சையாக இருந்தால் அது மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. தங்கள் சாலைக்குப் பொறுப்பு மாநில நெடுஞ்சாலைத் துறை என்பதால், அருகிலுள்ள கல்லின் கிலோமீட்டர் எண்ணைக் குறிப்பிட்டு அதன் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். இரவில் கல் கிடக்கக் கண்டால் கடிதத்துக்குக் காத்திராமல் 112க்கு அழையுங்கள். ஊராட்சியிடம் கேட்க வேண்டியது உலர்களம். அதற்கு அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம்.