பிளாற்றினத்துக்கு முன் வெற்றுக்குழி

அன்பின் ஐயா,

நுவரெலியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். எலைசா (தட்டின் குழிகளில் ஏறும் நிறத்தை அளந்து நோயை அறியும் சோதனை) பார்க்கும்போது, நோயின் ஆரம்பத்தில் வருபவர்களின் மாதிரிகளில் நிறம் சரியாக ஏறுவதில்லை. நொதியத்துக்குப் பதிலாகப் பிளாற்றின நுண்துகளை ஊக்கியாகப் போட்டால் உணர்திறன் பல மடங்கு கூடும் என்று வாசித்தேன். பட்டப்படிப்பு ஆய்வுக்கு இதை எடுக்கலாமா? எந்த நிறுவனத்தின் துகளை வாங்கலாம்? ‘ஊக்கி’ சரியா, ‘வினையூக்கி’ சரியா?

அன்பு மகளுக்கு,

‘ஊக்கி’ என்றே எழுதுங்கள், நம் பாடப்புத்தகச் சொல் அதுதான். நிறுவனத்தை உங்கள் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். ஆய்வுக்குத் தாராளமாக எடுக்கலாம். இரும்பு ஒட்சைட்டு நுண்துகள், எலைசாவில் நிறம் வரவைக்கும் பெரொட்சிடேசு நொதியம்போல வேலை செய்யும் என்று சீன ஆய்வாளர்கள் 2007இல் காட்டிய பிறகு இந்தத் துறை வேகமாக வளர்ந்துவிட்டது. நொதியத்தைக் கெடுக்கும் சூட்டைப் பிளாற்றினம் தாங்கும்.

ஆனால் ‘நிறம் ஏறவில்லை’ என்கிறீர்களே, எதோடு ஒப்பிட்டு? வெற்றுக்குழி, அதாவது மாதிரி போடாத குழி, எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு வரியாவது எழுதினீர்களா? அந்த எண் இல்லாமல் உணர்திறனைப் பற்றிப் பேசவே கூடாது, மகள்.

கணக்கைப் பாருங்கள். எட்டு வெற்றுக்குழிகளின் நிற அளவு (ஒளியுறிஞ்சல்) சராசரி 0.080, நியம விலகல் 0.020 என்று வைப்போம். சராசரியோடு விலகலின் மூன்று மடங்கைக் கூட்டினால் 0.140. அதைத் தாண்டினால்தான் ‘இருக்கிறது’ என்று சொல்லலாம். உங்கள் நோயாளி வெற்றுக்குழிக்கு மேல் 0.030தான் தருகிறார், தேவையோ 0.060. இப்போது பத்து மடங்கு வேகமான ஊக்கியைப் போடுங்கள். நோயாளியின் 0.030, 0.300 ஆகும். குழிச் சுவரில் சும்மா ஒட்டிக்கிடந்த ஊக்கியும் பத்து மடங்கு நிறம் தரும், விலகல் 0.200 ஆகும், தேவை 0.600க்கு ஏறும். நோயாளி நின்ற இடத்திலேயே நிற்கிறார், செலவு மட்டும் கூடிவிட்டது. வெற்றுக்குழி எண்களின் தடுமாற்றம் அளவுகருவியிலிருந்து வந்தால் வலிய ஊக்கி உண்மையாகவே கைகொடுக்கும். ஒட்டலிலிருந்து வந்தால் கொடுக்காது. உங்களுடையது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஒட்டலைக் குறைப்பது கழுவல்தான். 0.05 சதவீத ருவீன் 20 என்ற சவர்க்காரப் பொருள் கலந்த பொசுபேற்று உப்புநீர், குழிக்கு 300 மைக்ரோலீற்றர், ஐந்து தடவை. ஊற்றியதும் கொட்டிவிடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் 30 வினாடி நிற்க விடுங்கள். பிறகு தட்டைக் கவிழ்த்துத் தாளில் ஓங்கித் தட்டுங்கள். தாளில் ஈர வட்டம் பதியாமல் போகும்வரை தட்டவேண்டும். குழியின் அடி மூலையில் பிறை மாதிரித் தங்கும் அந்தச் சொட்டில்தான் ஒட்டாத ஊக்கி இருக்கிறது.

இன்னொன்று, தோட்டங்களிலிருந்து வளைவுப் பாதையில் குலுங்கி வரும் இரத்தம். மையவிலக்கிய பின் சீரம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதை ஒதுக்குங்கள். சிவப்பணு உடைந்து வெளிவந்த ஈமோகுளோபினின் இரும்பும் பெரொட்சிடேசு வேலை செய்யும், நோயில்லாதவருக்கும் நிறம் தரும். மேசை துடைத்த குளோரின் கையுறையில் இருந்தாலும், நிறம் தரும் கரைசலான டி.எம்.பி. நீலமாகிவிடும். மறுபக்கம், கழுவுநீர் கெடாதிருக்க யாராவது சோடியம் ஏசைட்டு போட்டிருந்தால் பெரொட்சிடேசு முடங்கிவிடும், வரவேண்டிய நிறமும் வராது.

எனக்கு வலுவான சந்தேகம் உங்கள் ஊர்க் குளிர்மேல்தான். கிற் பெட்டித் தாளில் ‘அறை வெப்பநிலையில் 15 நிமிடம்’ என்றிருக்கும். அது 20 முதல் 25 பாகை அறை. தை மாதக் காலையில் நுவரெலியாவில் சூடேற்றாத அறை அதற்கு வெகு கீழே இருக்கும். அந்தக் குளிரில் நொதியம் மந்தமாகிவிடும், செறிவு குறைந்த மாதிரி முதலில் காணாமல் போகும். கிற்றைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து உறையைப் பிரிக்காமல் ஒரு மணிநேரம் வையுங்கள். உடனே பிரித்தால் குழிப் பட்டிகளில் பனி படியும். டி.எம்.பி.யும் அதே சூட்டுக்கு வரட்டும். தட்டை மூடி, 25 பாகையில் நிறுத்திய இன்கியூபேற்றரில் தனியாக வையுங்கள். தட்டுகளை அடுக்கினால் ஓரக் குழிகள் முதலில் சூடேறி நடுக்குழிகளை முந்திவிடும்.

இவ்வளவையும் செய்து, எட்டு வெற்றுக்குழிகளை மூன்று நாள் தொடர்ந்து ஓட்டி, 24 எண்களையும் அறை வெப்பநிலையையும் எனக்கு அனுப்புங்கள். பிளாற்றினம் வாங்குவதா என்று அதற்குப் பிறகு பேசுவோம்.