பழைய மாணவர்கள் தரும் சிறு நன்கொடையால் பொறியியல் கல்லூரிக்குப் பலன் உண்டா?

கண்டிப்பாக உண்டு. 2024-இல் கிருஷ்ணா சிவுகுலா தான் படித்த சென்னை ஐஐடிக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தது பெரிய செய்தியானது. ஆனால் உங்கள் பேட்ச் நண்பர்கள் 100 பேர் ஆளுக்கு 10,000 போட்டாலே 10 லட்சம் சேர்ந்துவிடும். அதை மூலநிதியாக வைக்கச் சொல்லுங்கள். அசலைத் தொடமாட்டார்கள், 7 சதவீத வட்டி என்றாலும் வருஷா வருஷம் 70,000 ரூபாய் வரும். விடுதி மெஸ் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய தொகை.

புதுக் கட்டடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். ஆய்வகத்தில் பழுதாகிக் கிடக்கும் ஆசிலோஸ்கோப்பை (மின் அலைகளைத் திரையில் காட்டும் கருவி) சரிசெய்யத்தான் காசு இருக்காது. அதனால் எதற்கான பணம் என்பதை எழுத்தில் குறிப்பிட்டே கொடுங்கள். அப்புறம், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் வரிக்கழிவுக்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடைக்காது.