இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் விமானி என்ன செய்வார்?

"இன்னொரு எஞ்சின் இருக்கிறதே, அப்புறம் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபத்தே அந்த ஓடும் எஞ்சினால்தான் வருகிறது.

இடது எஞ்சின் நின்றால், வலது எஞ்சினின் உந்துதல் மூக்கை இடப்பக்கம் திருப்பும். வலது காலால் ரடர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகடு) பெடலை அழுத்தித் தடுக்க வேண்டும். எந்தக் காலுக்கு வேலையில்லையோ, அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது.

வேகத்தை விடவே கூடாது. வேகம் குறையக் குறைய ரடரின் பிடி தளரும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் பெடலை முழுசாக அழுத்தினாலும் விமானம் திரும்பி, அப்படியே புரளும். சிறிய விமானங்களின் வேகமானியில் அந்த எல்லைக்குச் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். அதை நெருங்கினால் ஓடும் எஞ்சினின் சக்தியைக் குறைத்து மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரைக்குப் பக்கத்தில் இதைச் செய்ய மனசே வராது, ஆனால் வேறு வழியில்லை.

நின்ற எஞ்சினின் புரொப்பெல்லர் காற்றில் சும்மா சுழன்றால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். அதன் இதழ்களை விளிம்பு முன்னோக்கும்படி திருப்புவதை ஃபெதர் செய்வது என்பார்கள். அதற்கு முன், சந்தேகப்படும் எஞ்சினின் த்ராட்டிலை (சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) மெல்லப் பின்னிழுத்துப் பார்க்க வேண்டும். எதுவும் மாறவில்லையா? சரி, அதுதான் நின்ற எஞ்சின்.

2015 பிப்ரவரி 4 அன்று தைவானின் தைபேயில் டிரான்ஸ்ஏசியா விமான நிறுவனத்தின் ஏடிஆர் 72 என்ற இரட்டை எஞ்சின் விமானம் கிளம்பியதும், 2ஆம் எஞ்சினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. விமானி நன்றாக ஓடிக்கொண்டிருந்த 1ஆம் எஞ்சினை அணைத்துவிட்டார். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்து, 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். எந்த எஞ்சின் நின்றது என்று விமானிகள் இருவரும் சேர்ந்து சரிபார்க்கும் அந்தச் சில நொடி வேலை அன்று நடக்கவில்லை.