ஆணுறுப்பில் புண்ணா? தடவுவதற்கு முன் பாருங்கள்

கோலாலம்பூர் வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

செந்தூல்: அண்ணே, மொட்டுக்குக் கீழே ஒரே ஒரு புண். பத்து நாளாச்சு. வலியே இல்ல. தானா ஆறிடும்னு விட்டுடலாமா?

தானாகவே ஆறிவிடும், அதுதான் ஆபத்து. புண்ணின் விளிம்பை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துப் பாருங்கள். தோலுக்குள் சட்டைப் பொத்தான் இருப்பதுபோல் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா? தொடை இடுக்கில் வலியில்லாமல் நெறி கட்டியிருக்கிறதா? அப்படியென்றால், வேறு நோய் என்று உறுதியாகும்வரை அதை சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் பெரியவர்கள் கிரந்தி என்பார்கள். உறவு கொண்ட 9 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், தலைகாட்டும். மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் மறைந்துவிடும். ஆனால் கிருமி ரத்தத்தில் இருக்கும். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத தடிப்பு வரும், அதுவும் போய்விடும். ஆண்டுகள் கழித்து மூளை, கண், இதயம் என்று எங்கு வேண்டுமானாலும் கை வைக்கும்.

ரத்தத்தில் ஆர்பிஆர் (சில இடத்தில் விடிஆர்எல்), டிபிஎச்ஏ என்ற இரண்டு சிபிலிஸ் சோதனைகளும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே எச்ஐவி. புண் வந்த ஓரிரு வாரத்துக்குள் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். அதை நம்பிச் சும்மா இருக்காமல் 6 வாரத்திலும் 12 வாரத்திலும் திரும்ப எடுக்க வேண்டும்.

ஆரம்ப நிலைக்கு பென்சத்தின் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை. பாதியை ஒரு புட்டத்திலும் மீதியை மறு புட்டத்திலும் போடுவார்கள். வலிக்கும், அவ்வளவுதான். எப்போது தொற்றியது என்றே தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆரம்ப நிலையில் டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை, மாலை 14 நாள். ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் பெரும்பாலும் கிருமி சாகும்போது வருவது. ஒரு நாளில் அடங்கும். உடம்பு முழுக்கத் தடித்து மூச்சு முட்டினால்தான் அலர்ஜி, உடனே ஓட வேண்டும்.

ஜிஞ்சாங்: ஊர்லருந்து வேலைக்கு வந்தவன். ஊசி போட்டு எட்டு மாசமாச்சு, டெஸ்ட் இன்னும் பாசிட்டிவ்னு வருது. திரும்ப ஊசி போடணுமா?

எந்த டெஸ்ட் பாசிட்டிவ் என்று பாருங்கள். டிபிஎச்ஏ ஒருமுறை பாசிட்டிவ் ஆனால் குணமான பிறகும் பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க அப்படியேதான் இருக்கும். கவனிக்க வேண்டியது ஆர்பிஆர் எண், அதாவது ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்பது. சிகிச்சைக்கு முன் 1:32 இருந்து இப்போது 1:8 அல்லது அதற்கும் கீழே என்றால் நாலு மடங்கு இறங்கியிருக்கிறது, மருந்து வேலை செய்திருக்கிறது. இறங்காமல் நின்றாலோ, இறங்கியது நாலு மடங்கு ஏறினாலோ மறுபடி பார்க்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமிமா மருத்துவப் பரிசோதனையில் சிபிலிஸும் உண்டு. அதனால் ஊசி போட்ட தேதி, மருந்து, அளவு, ஒவ்வொரு ஆர்பிஆர் எண்ணும் எழுதிய தாளைப் பத்திரமாக வைத்திருந்து பரிசோதிக்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: உடம்பு சூட்டுல கொப்புளம் வந்திருக்குன்னு அம்மா சொல்றாங்க. சின்னச் சின்னதா கூட்டமா இருக்கு, ஒன்னுக்குப் போனா உயிர் போகுது.

தம்பி, சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதலில் ஓரிரு நாள் சுருக் சுருக்கென்று குத்தல், பிறகு சிவந்த தோலில் கொத்தாக நீர்க்கொப்புளம், அது உடைந்து ஆழமில்லாத புண். இது ஹெர்பிஸ். உதட்டில் வரும் அதே வைரஸ் வாய்வழி உறவில் கீழேயும் தொற்றும். புண் ஈரமாக இருக்கும்போதே, முதல் சில நாளுக்குள், பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை பார்த்தால் சந்தேகமில்லாமல் தெரியும்.

முதல் தடவைக்கு அசைக்ளோவிர் 400 மி.கி. நாளைக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். மேலே தடவும் அசைக்ளோவிர் கிரீமால் இங்கே பெரிதாகப் பயனில்லை, காசு விரயம். சிறுநீர் கழிக்கும்போது மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எரிச்சல் பாதியாகும். சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை வைரஸை அடக்கும், துரத்தாது. மறுபடி வரும்போது குத்தல் தொடங்கிய அன்றே 400 மி.கி. மூன்று வேளை 5 நாள் போதும். அடிக்கடி தொல்லை தந்தால் தினம் இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடுவதைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். மனைவி கர்ப்பமாக இருந்தால் அவருடைய டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். கடைசி மாதங்களில் அவருக்குப் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து.

செராஸ்: வயசு 54. முன்தோல் நுனி வெடிச்சு வெடிச்சுப் புண்ணாகுது, வெள்ளையா படியுது, அரிப்பு. நான் வெளியே எங்கேயும் போறவன் இல்ல.

நம்புகிறேன் ஐயா. இது பூஞ்சைக் காளான். சர்க்கரையைப் பாருங்கள்: வெறும் வயிற்றில் 7.0 mmol/L, எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.3%, அல்லது அதற்கு மேல் வந்தால் நம் நாட்டு வழிகாட்டுதலின்படி நீரிழிவாகக் கணக்கு (அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறையும் எடுத்து உறுதி செய்வார்கள்). ஏற்கெனவே நோயாளி என்றால் மாத்திரைப் பெயரைப் படியுங்கள். டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் இரண்டும் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும், பூஞ்சைக்கு அது விருந்து. அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். முன்தோலை முழுக்கப் பின்னே தள்ளி, சோப்பில்லாமல் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, குளோட்ரிமசோல் 1% கிரீமை மெல்லிதாக, நாளைக்கு இரண்டு வேளை 14 நாள் தடவுங்கள். பிறகு முன்தோலை மறக்காமல் முன்னே இழுத்துவிடுங்கள். பின்னேயே விட்டால் வீங்கி இறுகி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். விதைப்பைப் பக்கம் கடும் வலி, வீக்கம், காய்ச்சல், தோல் கறுப்பு என்று வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

மூன்று மருந்து கலந்த கிரீம் என்று ஒன்று நிறைய வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் ஸ்டீராய்டு உண்டு. இரண்டு நாள் அரிப்பு நிற்கும், பூஞ்சை பரவும், தோல் மெலியும், டாக்டர் பார்க்கும்போது புண்ணின் முகமே மாறியிருக்கும். கிருமிநாசினித் திரவத்தால் கழுவிப் புண்ணை இன்னும் பெரிதாக்கியவர்களும் ஏராளம்.

கெப்போங்: மூணு தடவையா ஒரே இடத்துல கருஞ்சிவப்பா வட்டமா வந்து தோல் உரியுது. ஹெர்பிஸ் டெஸ்ட் நெகட்டிவ்.

வருவதற்கு முன் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? பல்வலிக்கு மெஃபெனமிக் ஆசிட், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமோக்ஸசோல், டாக்சிசைக்ளின் போன்றவை சிலருக்கு ஒவ்வொரு தடவையும் அச்சு மாறாமல் அதே இடத்தில் புண்ணாக்கும். மொட்டு அதற்குப் பிடித்த இடம். மாத்திரையை விட்டால் ஆறும், கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். உறுதியானதும் மருந்தின் பெயரை அலர்ஜி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்தாப்பாக்: மொட்டைச் சுத்தி வரிசையா முத்து மாதிரி சின்னச் சின்ன பரு. பயமா இருக்கு.

எல்லாம் ஒரே அளவில், வலியோ அரிப்போ இல்லாமல் இருந்தால் அது இயற்கை. நோயில்லை, தொற்றாது. கிள்ளாதீர்கள்.

செகாம்புட்: அப்பாவுக்கு 67. முன்தோல் பின்னே போகாது. உள்ளே ஒரு புண் ஆறவே மாட்டேங்குது, வாடை வருது.

நான்கு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணுக்கு இனிமேல் கிரீம் மாற்றி மாற்றித் தடவக்கூடாது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். முன்தோல் இறுகியவர்களுக்கு, அதிலும் புகைப்பவர்களுக்கு, ஆணுறுப்புப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். சீக்கிரம் பிடித்தால் உறுப்பைக் காப்பாற்றலாம். யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு நோய்ப் பிரிவு) டாக்டருக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: எங்கே போறது? ஆபீசுக்குத் தெரிஞ்சிடுமா?

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) குடிமக்களுக்குப் பதிவு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவோடு சேர்ந்து பால்வினை நோய்க்கென்றே கிளினிக் இருக்கிறது. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சிபிலிஸ், எச்ஐவி இரண்டையும் டாக்டர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், உங்கள் முதலாளிக்கு அல்ல. ஆணுறை இல்லாத உறவு நடந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் எச்ஐவி தடுப்பு மாத்திரை 28 நாள் எடுக்கலாமா என்று அன்றே கேளுங்கள். போகும் நாளில் புண்ணில் எதுவும் தடவாமல் போங்கள். புண் வந்த முதல் நாளிலேயே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.