‘சாக்கடை கேஸ்’ வேலைக்கா பெண்ணைப் படிக்க வைப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

‘ரினியூவபிள் எனர்ஜி’ பி.டெக்.கில் இடம் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்று ஒரு தனியார் கல்லூரி விரட்டுகிறது. உங்கள் கொழுந்தனாரோ, “அது சாக்கடை கேஸ் வேலை அண்ணி” என்று சிரிக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள். கொழுந்தனார் சொன்னதில் பாதி சரி. கல்லூரி சொல்வதில் அதைவிடக் குறைவு.

அவர் சாக்கடை கேஸ் என்பது பயோகேஸைத்தான். கொடுங்கையூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடிலிருந்து வரும் இந்த கேஸை எரித்து, பல வருடங்களாகக் கரண்ட் எடுக்கிறார்கள். அந்த கேஸில் பாதிக்கு மேல் மீத்தேன். மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. சுத்தம் செய்து மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து அழுத்தினால் அது சி.பி.ஜி., அதாவது கம்ப்ரஸ்டு பயோகேஸ். ஆட்டோவுக்கும் போடலாம், குழாயிலும் விடலாம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வந்து இறங்கும் எல்.என்.ஜி.யும் (திரவ இயற்கை எரிவாயு) பெரும்பாலும் இதே மீத்தேன்தான்.

நாட்டுக்கு வேண்டிய இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதியை இறக்குமதி செய்கிறோம். 2022-இல் உக்ரைன் போர் மூண்டதும் எல்.என்.ஜி. விலை தலைக்கு மேல் போனது. மணலி உர ஆலைக்கே இன்று அந்த கேஸ்தான் மூலப்பொருள். இப்படி இறக்குமதியை நம்பி இருப்பதைக் குறைக்கத்தான் அரசு 2018-இலேயே சி.பி.ஜி. ஆலைகளை ஊக்குவிக்கும் ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியது. நகரங்களில் கேஸ் விற்கும் நிறுவனங்கள் 2025-26-இல் 1 சதவீதம், 2028-29-இல் 5 சதவீதம் சி.பி.ஜி. கலக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஆனால் 5,000 ஆலை என்று இலக்கு வைத்தார்கள். ஓடுவது அதில் சிறு பங்குதான். மட்கும் குப்பையிலிருந்தும் சி.பி.ஜி. எடுக்கலாம்; ஆனால் பிரித்த குப்பை ஒழுங்காக வந்து சேராமல் ஆலைகள் திணறுகின்றன. ஆக, இந்த ஒரு துறையின் பெயரை மட்டும் பட்டத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வருவது ஆபத்து. கெமிக்கல் அல்லது இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கட்டும். சி.பி.ஜி. வளர்ந்தால் அங்கே போவாள். வளராவிட்டால் மணலி சுத்திகரிப்பு ஆலை, உரம், பெயின்ட், மருந்து என்று கதவு திறந்தே இருக்கும். நாளைக்குப் பசுமை ஹைட்ரஜன் வந்தாலும் வால்வும் கம்ப்ரஸரும் சென்ஸாரும் தெரிந்தவர்களைத்தான் தேடுவார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. கழிவிலிருந்து கேஸ் உண்டாகும் டைஜெஸ்டர் தொட்டி நம் வயிறு மாதிரி. ஹோட்டல் கழிவு நிறைய வந்துவிட்டதே என்று ஒரே நாளில் கொட்டினால் புளித்துவிடும்; பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்) இறங்கும், மீத்தேன் தரும் நுண்ணுயிர் படுத்துவிடும், கேஸ் நின்றுபோகும். மறுபடி எழுப்ப வாரக்கணக்காகும். அதனால் ஷிஃப்டில் இருப்பவர் வெப்பம், பி.எச்., கேஸ் அளவு எல்லாவற்றையும் நேரத்துக்கு நேரம் குறித்து வைப்பார். லேப், கண்ட்ரோல் ரூம் இரண்டிலும் பெண்கள் தாராளமாக வேலை பார்க்கலாம்.

பயப்பட வேண்டியது அந்த கேஸோடு கலந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவுக்கு. கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது. ஆளைக் கொல்வது அப்போதுதான். பயிற்சிக்குப் போகும் இடத்தில் கையடக்க கேஸ் டிடெக்டர் தருகிறார்களா, தொட்டிக்குள் இறங்க எழுத்து அனுமதி உண்டா என்று முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்கிறீர்கள். அப்படியானால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கிண்டி ஏ.சி. டெக்கில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) கெமிக்கல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கட்-ஆஃப் எட்டவில்லையென்றால், தரமணியில் உள்ள அரசு இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியில் டிப்ளமோ பாருங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. டிப்ளமோ முடித்து ஒரு வருடம் அப்ரென்டிஸ் பயிற்சி எடுத்துவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வேலை இன்டர்வியூவில் அவர்கள்தான் தடுமாறாமல் பேசுகிறார்கள்.

அந்தத் தனியார் கல்லூரிக்கு முன்பணம் எதுவும் இப்போது கட்டாதீர்கள். கலந்தாய்வு முடிவு வரட்டும். மறுபடி போன் செய்தால், போன வருடம் அந்தப் படிப்பில் முடித்தவர்கள் எந்தெந்த ஆலையில் வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள்.