தீர்க்கதரிசனங்களை வாசிப்பதால், எல்லாம் தேவனுடைய ஆளுகையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை உங்களுக்கு எப்படி வந்தது?

எனக்கு அது எரேமியா 32-ம் அதிகாரத்தில் வரும் ஒரு நிலக்கிரயத்தால் வந்தது.

பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காகத் தீர்க்கதரிசி எரேமியாவை சிதேக்கியா ராஜா காவல் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவருடைய பங்காளி அனாமெயேல் வந்து, அவர்களுடைய சொந்த ஊரான ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதிரி கைக்குப் போகிற ஊரில் யாராவது நிலம் வாங்குவார்களா? எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. நெடுநாள் கெடாமல் இருக்க இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்கிடம் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்பது கர்த்தருடைய வார்த்தை.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. பத்திரம் முடிந்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார்: நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீரோ நிலம் வாங்கச் சொல்கிறீரே! பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மனுஷன் கலங்குகிறார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா ஐசியூவில் இருந்தபோது ஜெபிக்க வந்த ஒருவர், "மூன்று நாளில் வீட்டுக்கு வருவார், கர்த்தர் சொல்கிறார்" என்றார். அம்மா அன்றைக்கே அப்பாவின் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தார். அப்பா வரவில்லை. அப்புறம் ரொம்ப நாள் தீர்க்கதரிசனம் என்ற வார்த்தையே எனக்குக் கசந்தது.

அந்த நாட்களில்தான் எரேமியா 28, 29-ம் அதிகாரங்களை நிதானமாகப் படித்தேன். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி. அதைக் கேட்ட எரேமியா முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அந்த ஆசைதானே. ஆனால் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கர்த்தர் சொன்னது 70 வருடம். எங்கள் வீட்டுக் காலண்டரில் இருந்த "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" வசனம் 29:11. அந்த 70 வருடம் அதற்கு முந்தின வசனத்திலேயே இருக்கிறது! முதலில் அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குக் கர்த்தர் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள்.

கி.மு. 586-ல் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது. கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்து, யூதர்கள் திரும்பிப்போக வழிவிட்டார். கி.மு. 516 வாக்கில் ஆலயம் மறுபடி எழும்பியது. 70 வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில் வேத ஆராய்ச்சியாளர்களிடம் வேறுபாடு உண்டு. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பேரரசுகள் மாறின, சொன்ன வார்த்தை மாறவில்லை. எரேமியா அதைப் பார்க்கவில்லை. அவரை எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளுகை என்றால், நான் கேட்ட தேதிக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன். அப்பாவின் விஷயத்தில் எனக்கு இன்னும் பதில் இல்லை. ஆனாலும் கர்த்தருடைய கையை விட்டு எதுவும் நழுவவில்லை என்று இப்போது நம்புகிறேன்.

எஸ்றா 2-ம் அதிகாரத்தில் ஊர் திரும்பியவர்களின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. எல்லோரும் தாண்டிப்போகிற பக்கம். 23-ம் வசனம்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். என் வேதாகமத்தில் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "17 சேக்கல்."