மூன்றாம் வரிசையில் இருந்தவர்

அன்புள்ள தம்பி,

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் என் கணவருக்கு பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. அதே வாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். அவருடைய மனைவியும் நானும் ஒன்பது செவ்வாய்க்கிழமைகள் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்கு ஒன்றாகப் போய் மெழுகுதிரி கொளுத்தினோம். என் கணவர் பிழைத்தார். அவருடைய கணவர் போய்விட்டார். பிறகு ஒரு செபக்கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். "நான் விசுவாசத்தோடு கேட்டேன், ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை" என்றேன். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தார். எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. நான் நன்றி சொன்னது பெருமையா? இனி மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளட்டுமா? ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதாக நேர்ந்திருக்கிறேன், அதையும் விட்டுவிடவா?

— ஒரு வாசகி

அன்புள்ள அக்கா,

முதலில் உங்கள் கணவர் எழுந்து நடக்கிறார் என்பதில் எனக்கும் சந்தோஷம். நன்றியை அடக்கிக்கொள்ள வேண்டாம். குணமான பத்துத் தொழுநோயாளரில் ஒருவன் மட்டும் உரத்த குரலில் கடவுளைப் புகழ்ந்துகொண்டு திரும்பி வந்தபோது, மற்ற ஒன்பது பேர் எங்கே என்றுதானே இயேசு கேட்டார்? வந்தவனின் சத்தத்தை அவர் குறை சொல்லவில்லை.

ஆனால் இதைச் சொல்லும் லூக்கா நற்செய்தியில் அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு நன்றியும் இருக்கிறது. கோவிலில் நின்று வேண்டிய பரிசேயனின் செபம் "கடவுளே, உமக்கு நன்றி" என்றுதான் போகிறது. அவன் சொன்ன நோன்பும் காணிக்கையும் பொய் என்று உவமை சொல்லவில்லை. அவன் கண் தொலைவில் நின்ற வரிதண்டுபவன் மேல் போனது, அங்கேதான் நன்றி கெட்டுப்போனது. நீங்கள் அந்தப் பரிசேயன் என்று நான் சொல்லவில்லை அக்கா. நீங்கள் யாரையும் ஒப்பிட நினைக்கவில்லை. ஆனாலும் "விசுவாசத்தோடு கேட்டேன்" என்ற அந்த இரண்டு சொல்லை மூன்றாம் வரிசையிலிருந்து கேட்டுப் பாருங்கள். 'அப்படியானால் எனக்கு விசுவாசம் போதவில்லையா?' என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

இது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையில் குண்டு வெடித்த அந்தக் காலைப் பூசைக்கு நாங்கள் குடும்பமாகப் போவதாக இருந்தோம். மகளுக்குக் காய்ச்சல், போகவில்லை. அதற்குப் பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் "ஆண்டவர் எங்களைக் காப்பாற்றிவிட்டார்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அன்று மகளை இழந்த ஒரு பெரியவர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப என்ட பிள்ளைய?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் நன்றி சொல்லும் விதம் மாறிவிட்டது.

எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: நன்றியை விவரமாகச் சொல்லச் சொல்ல, அதில் 'நான்' சிறுத்துப் போகிறது. "ஆண்டவர் எனக்குச் செய்தார்" என்று ஒரே வரியில் சொன்னால் அதில் இருப்பது ஆண்டவரும் நானும் மட்டும். உங்கள் கணவரின் நெஞ்சைத் திறந்தவர், மயக்க மருந்து கொடுத்தவர், இரவு இரண்டு மணிக்கு வந்து வயர்களைச் சரிபார்த்த நர்ஸ், வாட்டைக் கூட்டியவர் எல்லோரையும் எண்ணிப் பாருங்கள். அப்புறம் இரத்தம். இப்படிப்பட்ட சத்திரசிகிச்சைக்கு இரத்தத்தைத் தயாராக எடுத்து வைத்திருப்பார்கள். நம் நாட்டு இரத்த வங்கிக்கு வருவதெல்லாம் காசு வாங்காமல் கொடுப்பவர்களின் இரத்தம். அதில் நிறைய, விகாரைகளில் நடக்கும் இரத்ததான முகாம்களிலிருந்து வருகிறது. பௌர்ணமிப் போயா நாளில் வரிசையில் நின்று கையை நீட்டிய யாரோ ஒரு சிங்களப் பையன், தன் இரத்தம் கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்குப் போகும் என்று நினைத்தா கொடுத்திருப்பான்? அவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. சாட்சி சொல்ல எழும்பும்போது அவனும் உங்களோடு எழுந்து நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'நீ பெற்றுக்கொள்ளாதது உன்னிடம் என்ன இருக்கிறது?' என்று பவுல் கொரிந்தியரைக் கேட்டதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். உங்கள் விசுவாசமும் பெற்றுக்கொண்டவற்றில் ஒன்றுதானே. யாராவது ஒரு பாட்டி உங்களுக்கு அதைச் செபமாலையோடு சேர்த்துக் கொடுத்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இதுதான் எனக்கு முக்கியம். நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். அந்த நன்றியை இயேசு எப்போது செலுத்தினார்? காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில், அப்பத்தைக் கையில் எடுத்து. அதே இரவில்தான் கெத்சமனியில் "இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்" என்று மன்றாடினார். அகலவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது சொல்வோமா? உங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தோனியாரிடம் கேட்டதும் உண்மையான செபம்தான். நாம் பூசையில் நன்றி செலுத்துவது, கேட்டது கிடைக்காத ஒருவரோடு சேர்ந்து. இதை நினைத்தால் அவருக்கும் உங்களுக்கும் பந்தியில் ஒரே இடம்.

அதனால் அவரிடம் போங்கள். கேற்றடியில் நின்று பேசாமல், உள்ளே போய் உட்காருங்கள். 'எல்லாம் ஆண்டவர் சித்தம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல்லை அவர் இதற்குள் நூறு பேரிடம் கேட்டிருப்பார். "அக்கா, நான் அன்று சொன்னது பிழை" என்று சொன்னால் போதும். பிறகு அவருடைய கணவரைப் பற்றி அவர் பேசினால் கேளுங்கள். அழுவாரோடு அழுங்கள் என்று பவுல் சொன்னதற்கு மேல் அங்கே ஒன்றும் தேவையில்லை. சில வேளை கதவு திறக்காது. அதற்காக அவரைக் குறை நினைக்க வேண்டாம். கொஞ்ச நாள் விட்டு மறுபடி போங்கள்.

நேர்த்தியை விட வேண்டாம். சாப்பாட்டைக் கொடுங்கள். எந்தப் பெயரில் கொடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், உங்கள் கணவர் பெயரோடு அவருடைய கணவர் பெயரையும் சொல்ல முடியுமா என்று அந்த அம்மாவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி